தவணை எடுக்கவும் பஸ் ஏறத்தான் வேணுமா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒருவர் 'நம்முடைய நீதிமன்றங்கள் ஒன்லைனுக்கு வருமா' என்று கேட்டிருந்தார். 'வந்தால் நல்லது' என்று இரண்டு சொல்லில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதற்குக் கிடைத்த திட்டும் கடிதமும் கொஞ்சமல்ல, ஆகவே இந்தமுறை பக்கம் முழுக்க அதுதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சட்டத்தரணி இல்லை. வன்னியில் நீதிமன்றப் பதிவறைகளில் கோவை தூக்கித் தோள் தேய்ந்தவன், அவ்வளவுதான். உங்கள் வழக்கில் என்ன செய்வதென்று உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

தாபரிப்பு வழக்கு இழுபட்டுக்கொண்டே போகிறது. ஒவ்வொரு தவணைக்கும் விடிய முதல் பஸ் பிடித்துப் போனால் மத்தியானம் மட்டும் வாங்கிலில் இருந்து, இரண்டு நிமிடத்தில் அடுத்த திகதி கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறேன். அன்றைய கூலி போய்விடும். கொரோனா நேரம் போனிலேயே வழக்கு நடந்ததாமே, இப்போது ஏன் முடியாது?
– வாசகி, மல்லாவி

நடந்தது உண்மைதான் தங்கச்சி. 2020 மார்ச் 20 ஊரடங்கு போட்டபோது நீதிமன்றங்கள் அவசர வேலையை மட்டும் பார்த்தன. விளக்கமறியலில் இருந்தவர்களைச் சிறைச்சாலையிலிருந்தே திரையில் காட்டும் பழக்கம் அப்போதுதான் பரவியது. வேடிக்கை என்னவென்றால் சட்டம் பிறகுதான் வந்தது. கொரோனா (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம், 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கம், அந்த வருடம் ஓகஸ்டில்தான் நிறைவேறியது. அதில் மூன்று விசயம் இருந்தது. கொரோனாவால் தவறிப்போன காலக்கெடுவை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு நீதிமன்றம் இயங்க முடியாவிட்டால் அதன் வேலையை இன்னொன்று பார்க்கலாம். வழக்கைத் தொலைத்தொடர்பு வழியாகவும் நடத்தலாம். ஆனால் பெயரிலேயே 'தற்காலிக' என்று இருக்கிறது பாருங்கள். அந்தச் சட்டத்தைக் காட்டி இன்று 'நான் வீட்டிலிருந்தே வருகிறேன்' என்று கேட்க முடியாது.

காலக்கெடு என்றதும் வன்னியில் உள்ளவர்களுக்கு இன்னொரு சட்டம் ஞாபகம் வரவேண்டும். யுத்தத்தால் தங்கள் காணிக்கு உரிமை கோர முடியாமல் போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் (பல வருடம் காணியை வைத்திருந்தவருக்கே அது உரிமையாகிவிடும் என்ற கணக்கு) சேர்க்காமல் விடுகிற சட்டம், 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கம். அதில் வழக்குப் போட இரண்டு வருடம்தான் தந்தார்கள். விசயம் காதுக்கு எட்டுவதற்குள் அந்த இரண்டு வருடமும் முடிந்துபோன ஆட்களை எனக்குத் தெரியும். சலுகை எந்தச் சட்டத்தில் வந்தாலும் தகவல் மல்லாவிக்கு வந்து சேர்ந்தால்தானே அது சலுகை?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒன்லைன் நீதிமன்றம் என்றதும் எல்லோரும் பெரிய திரை, கமரா, சாட்சி விசாரணை என்று கற்பனை பண்ணுகிறார்கள். நான் கேட்பது அதைவிடச் சின்னன். 'நாளைக்கு நீதவான் லீவு, வரவேண்டாம்', 'பொலிஸ் அறிக்கை இன்னும் வரவில்லை, உங்கள் வழக்குக்கு அடுத்த திகதி இது' என்று முதல் நாள் பின்னேரம் ஒரு குறுஞ்செய்தி. இதற்கு ஸூம் வேண்டாம், ஃபைபர் வேண்டாம், பழைய பட்டன் போனே போதும். ஒரு திகதி சொல்ல உங்கள் முகத்தை யாரும் பார்க்கத் தேவையில்லை. அது வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது, சட்டத்தரணியிடம் சொல்லி, இரு தரப்பும் ஒத்துக்கொள்கிற இடங்களில் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கிற கோரிக்கை) போட்டுத் திகதியை முன்கூட்டியே மாற்றப் பார்ப்பது. சட்டத்தரணி வைக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள், தாபரிப்பு வழக்குகள் அவர்களுக்குப் பழக்கமானவை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் மட்டும் இருக்க வேண்டாம், மனுவையே தள்ளிவிட்டால் திரும்பவும் முதலில் இருந்து.

வீட்டிலிருந்தே தோன்றுவது லேசு என்றும் நினைக்காதீர்கள். கொரோனா நேரம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு ஸூமில் வழக்கு. வீட்டுக்குள் சிக்னல் இல்லை, கிணற்றடியில் நின்றால்தான் இரண்டு கோடு வரும். ஆகவே கதிரையொன்றைக் கிணற்றுக் கட்டோடு ஒட்டிப் போட்டு, போனைக் கதியாலில் றபர் பாண்டால் கட்டி, நல்ல சேலையும் உடுத்திக்கொண்டு காலை எட்டரையிலிருந்து காத்திருந்தாள். பெயர் கூப்பிட்டபோது மணி பதினொன்று. 'ஐயா நான் நிற்கிறேன், நிற்கிறேன்' என்று கத்துகிறாள், மைக் அடைத்திருப்பது அவளுக்கும் தெரியவில்லை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் தெரியவில்லை. மூன்று தரம் கூப்பிட்டார்கள். 'சமுகமில்லை' என்று கோவையில் எழுதியாயிற்று. அடுத்த தவணைக்குச் சட்டத்தரணி எழும்பி விளக்கம் சொல்லித்தான் அதைச் சரிக்கட்ட வேண்டி வந்தது. அது எந்த நீதிமன்றம் என்று கேட்காதீர்கள்.

எங்கள் காணி வழக்கில் முக்கியமான சாட்சி கனடாவில் இருக்கிற அண்ணன்தான். வாட்சப் வீடியோவில் சாட்சி சொல்ல விடுவார்களா? அவர் எனக்கு அற்றோணித் தத்துவம் தந்தால் அவருக்குப் பதிலாக நான் சொல்லலாமா?
– வாசகர், விசுவமடு

இரண்டாவதை முதலில் பார்ப்போம். அற்றோணித் தத்துவம் இருந்தால் அண்ணனுக்காக நீங்கள் கையெழுத்து வைக்கலாம், வழக்கை நடத்தலாம். ஆனால் அவர் கண்ணால் கண்டதை நீங்கள் கண்டதாகச் சொல்ல முடியாது. வேலி எங்கே நின்றது, கிணற்றை யார் கட்டினார் என்று கண்டவர்தான் சொல்ல வேண்டும். அந்தத் தத்துவத்தைப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்பினாலும் செல்லாது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுப் பரிமாற்றச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குப் பெரிய கதவைத் திறந்தது உண்மை, ஆனால் இறுதி விருப்பம், அற்றோணித் தத்துவம், காணி விற்பனை ஒப்பந்தம் மாதிரிச் சிலவற்றை அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. மூலப் பத்திரம் கடதாசியில் வரவேண்டும்.

இனி வீடியோ. குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களும் சாட்சிகளும் வேறிடத்திலிருந்து நேரடி ஒலி-ஒளி இணைப்பில் சாட்சி சொல்ல 2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது, இப்போது அதன் இடத்தில் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் உங்களுடையது குடியியல் வழக்கு. அதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பழைய குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையிலேயே, வரமுடியாத சாட்சியைக் கமிஷன் வைத்து, அதாவது நீதிமன்றம் நியமிக்கிற ஒருவரைக் கொண்டு, விசாரிக்க வழி இருக்கிறது. வீடியோ வேண்டுமென்றால் நீதிபதியிடம் அனுமதி கேட்க வேண்டும். மற்றத் தரப்பு முதலில் கேட்கப்போவது, 'கமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்?' என்பதைத்தான். நியாயமான கேள்வி. பக்கத்து அறையில் மச்சான் நின்று பதில் எழுதிக் காட்டினால் நமக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் பல நாடுகளில் வெளிநாட்டுச் சாட்சியை வீட்டிலிருந்து விடாமல் தூதரகம் மாதிரி ஓர் இடத்துக்கு வரச்சொல்லி, பக்கத்தில் ஒரு உத்தியோகத்தரையும் இருத்துகிறார்கள்.

அண்ணனுக்கு ஒன்று சொல்லி வையுங்கள். இங்கே காலை பத்து மணி என்றால் ரொறன்ரோவில் மாரி காலத்தில் முதல் நாள் இரவு பதினொன்றரை, கோடையில் நடுச்சாமம் பன்னிரண்டரை. இரவு வேலை முடித்து வந்த களைப்போடு குறுக்கு விசாரணைக்கு இருக்க வேண்டாம்.

நீதிமன்றத்தில் வாதாடின பூனை உண்மையா?
– உயர்தர மாணவன், நெடுங்கேணி

உண்மை தம்பி. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு சட்டத்தரணி ஸூமில் வந்தபோது திரையில் பூனை முகம் ஒட்டியிருந்தது, கழற்றத் தெரியாமல் 'நான் பூனை இல்லை' என்று நீதிபதிக்குச் சொல்ல வேண்டிவந்தது. படித்தவர்கள்தான். கிணற்றடிப் பிள்ளைக்கு மைக் தெரியாததில் என்ன குற்றம்?

மகன் விளக்கமறியலில் இருந்தபோது ஒரு தவணைக்கு அவனைக் கொண்டுவராமல் ரீவியில் காட்டினார்கள். நான் வாசலில் நின்றதால் அதையும் காணவில்லை. செலவு மிச்சம், பாதுகாப்பு என்கிறார்கள். எனக்கு என்னவோ மனம் ஒப்பவில்லை.
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

அம்மா, உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. பிடிபட்டவரை நீதிபதி முன் 'கொண்டுவர வேண்டும்' என்று நமது அரசியலமைப்பின் 13(2) ஆம் உறுப்புரை சொல்வது சும்மா இல்லை. முன்னால் வந்து நிற்கிற உடம்பை நீதவான் பார்ப்பார். நொண்டுகிறானா, காது வீங்கியிருக்கிறதா, பேசும்போது பக்கத்தில் நிற்கிற பொலிஸ்காரனைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறானா என்பதெல்லாம் தெரியும். திரையில் நெஞ்சுக்கு மேலேதான் தெரியும், அதுவும் மங்கலாக, அந்த அறைக்குள் வேறு யார் நிற்கிறார் என்பதும் தெரியாது.

இது வெறும் உணர்ச்சிக் கதையும் இல்லை. சிக்காகோ நகரம் இருக்கிற குக் கவுண்டியில் 1999 இல் பிணை விசாரணைகளை மூடிய சுற்றுத் தொலைக்காட்சி வழியாக நடத்தத் தொடங்கினார்கள். பிறகு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, திரைக்கு மாறின குற்ற வகைகளில் பிணைத் தொகை சராசரியாக 51 சதவீதம் கூடியிருந்தது. ஆளை நேரில் கொண்டுவந்த வகைகளில் அப்படி ஏறவில்லை. சிங்கப்பூரில் 2020 மேயில் ஒரு மரண தண்டனையையே ஸூமில் அறிவித்தார்கள். அந்த ஆளின் இடத்தில் நம் பிள்ளையை வைத்துப் பார்த்தால் அடிவயிறு குளிர்கிறது.

அப்புறம், சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்று. சிறைச்சாலை பஸ் வந்து வளவுக்குள் நிற்கும்போது, கம்பி ஜன்னலுக்குக் கீழே நின்று 'சாப்பிட்டியா' என்று கேட்கிற அந்த அரை நிமிடம். பதிவறை ஜன்னலால் இதை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். பஸ் வராவிட்டால் டீசல் மிச்சம் என்று கணக்கெழுதுகிறவர் அந்த அரை நிமிடத்தை எந்தப் பத்தியில் எழுதுவார்? அடுத்த தவணைக்கு மகனை நேரில் கொண்டுவரச் சொல்லி நீதவானிடம் கேட்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். உடம்பில் காயம், வருத்தம் ஏதும் என்றால் அதை முதல் வசனமாகவே சொல்லச் சொல்லுங்கள்.

ஈ-ஃபைலிங் என்பது பத்திரத்தை ஸ்கேன் பண்ணி ஈமெயிலில் அனுப்புவதுதானே? அதற்கு ஏன் இவ்வளவு வருடம்?
– சட்டத்தரணி அலுவலக உதவியாளர், வவுனியா

ஈமெயில் அனுப்பலாம், பிறகு? யார் திறந்தார், எத்தனை மணிக்கு வந்தது, கட்டணம் எப்படிக் கட்டப்பட்டது, கையெழுத்து உண்மையா, மற்றத் தரப்புக்குப் பிரதி போனதா? பதிவறைக் கவுண்டரில் இதெல்லாம் ஒரு இறப்பர் முத்திரையில் முடிகிற வேலை. அதையே கணினி செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் விதி எழுத வேண்டும். சிங்கப்பூர் 2000 ஆம் ஆண்டிலேயே குடியியல் வழக்குகளில் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. இந்தியா 2023 இல், நீதிமன்றங்களைக் கணினிக்கு மாற்றுகிற ஈ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 5,000 டொலர் வரையான சின்னப் பிணக்குகளை ஆரம்பம் முதல் முடிவு வரை இணையத்திலேயே பார்க்கிற தீர்ப்பாயம் இருக்கிறது.

நமக்கென்று ஒரு தனிப் பிரச்சினையும் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்ததுதான்: பாமினி. நமது அலுவலகங்களில் இன்னமும் பாதிப் பேர் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சடிக்கிறார்கள். தாளில் அழகாக வரும். அதே ஃபைலை பாமினி இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்ற சொல் mk;kh என்று ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். ஈ-ஃபைலிங் வந்த அன்றைக்கு உங்கள் வழக்குரை பதிவாளரின் திரையில் அப்படித்தான் விழும், பெயரைப் போட்டுத் தேடினால் ஆளே இல்லை என்று சொல்லும். மேன்முறையீடு என்றால் தமிழ்க் கோவை கொழும்புக்குப் போய் மொழிபெயர்ப்புக்கும் நிற்க வேண்டும், அங்கேயும் இதே தலையிடி. ஆகவே எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோட்டுக்கு இன்றைக்கே மாறுங்கள். ஸ்கேன் பண்ணும்போது பச்சைப் பென்சிலால் போட்ட பக்க இலக்கம் தெரிகிறதா என்றும் பாருங்கள், என் காலத்தில் அதற்காகவே திருப்பி அனுப்பின கோவைகள் உண்டு.

வீட்டிலிருந்து முடியாதென்றால் பிரதேச செயலகத்தில் ஒரு அறையும் கமராவும் வைத்தால் என்ன?
– ஓய்வுபெற்ற தபால் அதிபர், ஒட்டுசுட்டான்

ஐயா, இந்தக் கடிதக் கட்டுக்குள் உருப்படியான யோசனை உங்களுடையதுதான். கதவு பூட்டுகிற அறை, நல்ல லைன், மைக்கைத் திறந்துவிட ஒரு ஆள், சாட்சிக்குப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைக்க ஒரு உத்தியோகத்தர். தவணை எடுக்கவும் பொலிஸ் அறிக்கைக்காகத் தள்ளிப்போகிற வழக்குகளுக்கும் இது தாராளம். குறுக்கு விசாரணைக்கும் விளக்கமறியலில் இருக்கிறவர்களுக்கும் வேண்டாம். ஒரே பயம், அந்த அறையின் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதுதான். நம்முடைய ஊரில் திறப்பு வைத்திருக்கிறவர் எப்போதும் சாப்பிடப் போயிருப்பார்.