சர்வீஸ் நாய்க்கு எதுக்கு வெஸ்ட் மாட்டி விடறாங்க, அத நாம தடவலாமா?

சர்வீஸ் நாய்னா மாற்றுத்திறனாளிகளுக்கும் நோய் உள்ளவங்களுக்கும் உதவப் பழக்குன நாய். அது மேல மாட்டுற அந்த வெஸ்ட், அதாவது மேல்சட்டை, நாய்க்குன்னு சொல்றத விட நமக்குத்தான், "இது வேலைல இருக்கு, தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு தூரத்துலயே தெரியணும்ல. எல்லா நாட்டுலயும் கட்டாயம் கிடையாது, மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவோட ஏடிஏ சட்டம் வெஸ்ட்டே கேக்கறதில்ல, ஆன்லைன்ல ஒன்னு வாங்கி மாட்டிட்டா எந்த நாயும் சர்வீஸ் நாய் ஆயிடாது, ட்ரெய்னிங்தான் விஷயம். பார்வை இல்லாதவங்களோட நாய் போட்டிருக்கறது வேற, கெட்டியான கைப்பிடி வச்ச ஹார்னஸ், அதாவது உடம்பச் சுத்திக் கட்டுற பட்டை, நாய் நிக்கறதும் திரும்பறதும் அந்தப் பிடி வழியாவே கைக்குத் தெரியும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, ஓனர் "போ"ன்னு சொன்னாலும் எதிர்ல வண்டி வந்தா நாய் நகராது, அப்படி வேணும்னே பேச்சு கேக்காம இருக்கவும் பழக்குறாங்க, அவரும் அத நம்பி நிக்கணும், அந்த நம்பிக்கை ஒரு நாள்ல வந்துடாது. வெஸ்ட்ட கழட்டிட்டா சாதாரண வீட்டு நாய்தான், ஓடும், பந்து கவ்வும்.

தடவணும்னா ஓனர்கிட்ட கேளுங்க, வேணாம்னு சொன்னா கோவப்படாதீங்க, சில நாய்ங்க சர்க்கரை நோய் உள்ள ஓனருக்கு சுகர் இறங்கினா எச்சரிக்கப் பழகினதுங்க, நீங்க கொஞ்சற நேரத்துல அத கவனிக்காம விட்டுடலாம். இன்னொன்னு, வெஸ்ட் போட்ட நாய் தனியா உங்ககிட்ட வந்து நின்னா விரட்டாம பின்னாடியே போய்ப் பாருங்க, ஓனர் எங்கயாவது விழுந்து கிடக்கலாம்.