அரிவாள் செல் வலிக்கு டென்ஸ் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: மகனுக்கு 19 வயது, அரிவாள் செல் ரத்தச்சோகை. முதுகிலும் தொடையிலும் அடிக்கடி வலி. டென்ஸ் கருவி வாங்கினால் வலி மாத்திரையைக் குறைக்கலாமா?

பதில்: அந்த எண்ணத்தில் வாங்காதீர்கள். அரிவாள்போல் வளைந்த ரத்தச் சிவப்பணுக்கள் சிறு ரத்தக்குழாய்களை அடைப்பதால்தான் வலி. டென்ஸ் அந்த அடைப்பைத் தொடுவதில்லை. தோலில் ஒட்டும் பேடுகள் வழியே சிறு மின்துடிப்பு அனுப்பி நரம்பைத் தூண்டி, வலி உணர்வு மேலே போவதை முதுகுத்தண்டில் சற்று மட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான். இந்த நோய்க்கென்று நடந்த ஆய்வுகளும் மிகச் சொற்பம். மருந்துக்குத் துணையாக, மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்கலாம்.

மசாஜர் என்று விற்கும் பல கருவிகள் தசையைத் துடிக்கவைக்கும் ஈஎம்எஸ் வகை. அது வேண்டாம். அலைவெண்ணையும் (வினாடிக்கு எத்தனை துடிப்பு, ஹெர்ட்ஸ்) துடிப்பின் அகலத்தையும் (ஒவ்வொரு துடிப்பும் நீடிக்கும் நேரம்) தனித்தனியாக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். 'மோடு 1, மோடு 2' என்று மட்டும் இருந்தால் உள்ளே என்ன ஓடுகிறதென்றே தெரியாது. இரண்டு சானல் (தனித்தனி மின் வெளியீடு), நான்கு பேட் இருந்தால் முதுகுக்கும் தொடைக்கும் ஒரே நேரத்தில் போடலாம். பேட் தேய்மானப் பொருள். வயர் நுனியில் ஊசி போன்ற பொதுவான பின் இருந்தால், அந்தப் பின்னுக்கான எந்தக் கம்பெனி பேடும் பொருந்தும்.

80 முதல் 100 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். 2 முதல் 4 ஹெர்ட்ஸ் முறை உடலின் சொந்த ஓபியாய்டு (உடலே சுரக்கும் மார்ஃபின் போன்ற வலி தணிப்பான்) வழியாக வேலை செய்வது. மார்ஃபின் வகை மருந்து பழகியவர்களுக்கு அது எடுபடாமல் போகலாம். வலியைச் சுற்றி, 5 செ.மீ. பேடுகளை ஒன்றையொன்று தொடாமல் ஒட்டி, வலுவான ஆனால் வலிக்காத கூச்சம் வரும்வரை ஏற்றி, 30 நிமிடம் விடுங்கள். கழுத்தின் முன்பக்கம், மார்பின் குறுக்கே, மரத்துப்போன தோல், இந்த நோயில் கணுக்காலில் வரும் புண் ஆகிய இடங்களில் ஒட்டக் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் கருவியே கூடாது. குளிர் ஒத்தடம் சேர்ந்த மாடலையும் தவிருங்கள். குளிர் வலியைக் கிளப்பிவிடும்.

காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் பலவீனம், தணியாத ஆணுறுப்பு விறைப்பு இவற்றில் எது வந்தாலும் கருவியைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: புது கருவிதான், ஆனால் ஊசி குத்துவதுபோல் சுரீரென்கிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: முதலில் பேடைப் பாருங்கள். ஓரம் தூக்கியிருந்தால் மின்சாரம் முழுதும் ஒட்டியிருக்கும் சிறு பகுதியில் குவியும், தோல் சுட்டும்விடும். தோலை எண்ணெய் போகக் கழுவித் துடைத்து, பேடின் ஜெல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி ஒட்டுங்கள். புது பேடிலும் குத்தினால் வயரைப் பின் அருகே வளைத்துப் பாருங்கள். கூச்சம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அப்போது பில்லோடு கடைக்குப் போகலாம்.