லேபிள் பிரஸ் வேலைக்குப் போகிறவர் முதலில் என்னென்ன சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மொரீஷியஸில் ஒரு லேபிள் பிரஸ்ஸில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே பிரெஞ்சும் இங்கிலீஷும் கலந்து பேசுவார்களாமே, எதையெல்லாம் படித்துக்கொண்டு போவது என்று கேட்டிருக்கிறீர்கள். சிவகாசிப் பக்கம் ஷீட் ஆஃப்செட்டில் (தனித்தனித் தாளாக அச்சிடும் வேலை) இருப்பவர் என்று நினைக்கிறேன். நானும் அங்கிருந்து வந்தவன்தான். இப்போது போர்ட் லூயிஸ் அருகே ஃப்ளெக்ஸோ மிஷினில் (வளையும் பிளேட்டால் ரோலில் அச்சிடுவது) நிற்கிறேன்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். ரோலை 'போபின்' என்பார்கள், ரோலுக்கு நடுவில் இருக்கும் குழாயை (கோர்) 'மாந்த்ரேன்' என்பார்கள். அதெல்லாம் வந்த கொஞ்ச நாளில் காதில் ஏறிவிடும். காசு போகிற இடங்களை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, ரோல் சுற்றும் திசை. ஷீட் வேலையில் இந்தப் பிரச்சினையே கிடையாது, அதனால் நம்ம ஆட்கள் இங்கேதான் முழிப்பார்கள். ரோலைப் பிரிக்கும்போது லேபிளின் தலை முன்னால் வருகிறதா, அடிப்பக்கமா, இடதா, வலதா என்று நாலு வகை. அச்சு ரோலின் வெளிப்பக்கமா உள்பக்கமா என்று சேர்த்தால் எட்டு. 1 முதல் 8 வரை எண் போட்ட படம் எல்லா பிரஸ்ஸிலும் தொங்கும். ஆனால் எந்த எண் எந்தத் திசை என்பது இடத்துக்கு இடம் மாறும். எண்ணை நம்பாதீர்கள், படத்தின் மேலேயே கஸ்டமரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஊறுகாய் பாட்டில் போடும் ஒருவர் (இங்கே 'அச்சார்' என்பார்கள்) ஆர்டர் தாளில் திசை என்ற இடத்தில் 'நார்மல்' என்று எழுதிவிட்டார். அப்படி ஒரு திசை உலகத்திலேயே கிடையாது. சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். "போன தடவை மாதிரியேதானாம், ஓட்டு" என்று மேலே இருந்து பதில் வந்தது. ஓட்டினோம், தலை முன்னால். போன தடவை அவர் கையால் ஒட்டிக்கொண்டிருந்தார், எப்படிச் சுற்றினாலும் சரி. நடுவில் ஒட்டும் மிஷின் வாங்கியிருக்கிறார், அதை யாரிடமும் சொல்லவில்லை. உருண்டை பாட்டிலுக்கு இடது பக்கம் முன்னால் வர வேண்டும். எங்கள் ரோலைப் போட்டால் லேபிள் பாட்டிலில் படுத்துக்கொண்டு ஒட்டியது.

"திருப்பிச் சுற்றிக் கொடுத்தால் போதாதா?" என்றார். வலது இடதாக வேண்டும், தலை அடியாக வேண்டும் என்றால் போதும், ஒரு ரீவைண்டில் சரியாகிவிடும். தலையை இடதாக்க எந்த ரீவைண்டரும் இல்லை. லேபிளை வெட்டும் டை புதிது, பிளேட் புதிது, அச்சும் புதிது. போதாததற்கு, லேபிளைத் திருப்பியதில், ரோல் ஓடும் திசையில் நேராக இருந்த பார்கோடு கோடுகள் குறுக்கே விழுந்துவிட்டன. ஃப்ளெக்ஸோவில் குறுக்குக் கோடு தடித்துவிடும், ஸ்கேனர் படிக்காமல் அடம் பிடிக்கும். லேபிளுக்குள்ளேயே பார்கோடைத் திருப்பி வைத்தோம். நான் சுழித்த தாள் ஃபைலில் இருந்ததால் என் தலை தப்பியது. டிஜிட்டல் பிரஸ், லேசர் கட்டிங் வைத்திருப்பவர்கள் 'எங்களுக்கு டை செலவே இல்லையே' என்று சண்டைக்கு வருவார்கள். சரி, உங்களுக்கு இல்லை. வீணான ஸ்டாக்?

இரண்டாவது, கிஸ் கட். நம்ம ஊரில் ஹாஃப் கட். மேல் பேப்பர் அறுபட வேண்டும், அடியில் உள்ள ரிலீஸ் பேப்பரில் கத்தி படக் கூடாது. பட்டால் சிலிக்கோன் பூச்சு கிழிந்து பசை உள்ளே இறங்கிவிடும். ஒட்டும் மிஷினில் லேபிள் உரியாது, வேகமாக இழுத்தால் ரோலே அறும். செட்டிங் போட்டதும் ஒரு லேபிளை உரித்துவிட்டு அந்த இடத்தில் மார்க்கர் மையைத் தேய்த்துப் பாருங்கள். மை கோடு கோடாக உள்ளே ஊறினால் டை ஆழமாக இறங்குகிறது. லேபிள் போக மிச்சம் ஜன்னல் கம்பி மாதிரி நிற்கும் வேஸ்டை உரித்து எடுப்பதற்கு இங்கே 'எஷ்னியாஜ்' என்று பெயர். ஹாஃப் கட் சரியில்லை என்றால் முதலில் அறுவது அதுதான்.

மூன்றாவது, 'போன் ஆ திரே'. அச்சிடலாம் என்று கஸ்டமர் கையெழுத்துப் போட்ட ப்ரூஃப். அது கையில் இல்லாமல் மிஷினை ஓட்டாதீர்கள்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். தைப்பூசக் காவடி நேரத்தில் விபூதிப் பாக்கெட்டுக்குத் தமிழில் லேபிள் வரும். டிசைன் சாஃப்ட்வேரில் இந்திய எழுத்துக்கான செட்டிங் போடாமல் ஒட்டியிருப்பார்கள். 'கோவில்' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். அதன் கீழே கையெழுத்தும் இருக்கும்! 1998-ல் புது ரூபாய் நோட்டில் தமிழ் இந்திக்குக் கீழே போனது என்று இந்த நாட்டுத் தமிழர்கள் கொதித்து, நோட்டையே திரும்பப் பெற வைத்தார்கள். அந்த ரோஷத்தில் கொஞ்சம் ப்ரூஃப் பார்க்கும்போதும் இருக்கலாம். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து வந்த இந்த ஊர்ப் பேச்சு மொழி) பேசுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறேன்.

சம்பளம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொதுவில் எழுத மாட்டேன். ஓவர்டைம் கணக்கை மட்டும் ஆஃபர் லெட்டரில் எழுத்தாக வாங்கிவிட்டு விமானம் ஏறுங்கள்.