உடற்பயிற்சி இருக்கட்டும், மாத்திரை என்ன ஆயிற்று?

கேள்வி: எனக்கு வயது 47. விற்பனைப் பிரிவில் வேலை, மாதத்தில் பாதி நாள் பயணம். எடை கூடிவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. அடிக்கடி சிறுநீர் வருவதால் பயண நாட்களில் மட்டும் போடுவதில்லை. மனைவி போனில் கேட்டால் போட்டாச்சு என்று சொல்லிவிடுவேன். போன மாதம் டாக்டர் டோஸை வேறு கூட்டிவிட்டார். தங்கும் அறையிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள் நாலைந்து சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பயணத்திலேயே காலம் தள்ளுகிறவர்கள் எனக்கு எழுதும்போது எல்லோரும் பயிற்சிதான் கேட்கிறார்கள். அதற்கு நாலு வரி போதும், கடைசியில் சொல்கிறேன். முதலில், மனைவியிடம் சொல்லும் பொய்யைப் பற்றிப் பேச வேண்டும்.

டாக்டர் ஏன் டோஸைக் கூட்டினார் என்று கொஞ்சமாவது யோசித்தீர்களா? தினமும் மருந்து சாப்பிட்டும் அழுத்தம் 140/90-க்குக் கீழே வரவில்லை, அப்படியானால் இந்த அளவு போதவில்லை என்று நினைத்திருப்பார். மாதத்தில் பாதி நாள் மாத்திரையே போடவில்லை என்று அவருக்கு யார் சொன்னது? மனைவி கூட வந்திருந்தால், "தவறாமல் போடுகிறார் டாக்டர்" என்று உங்களுக்காகச் சாட்சி சொல்லியிருப்பார். விளைவு, வீட்டில் இருக்கும்போது கூட்டிய டோஸ், வெளியூரில் ஒன்றுமே இல்லை. வீட்டில் அழுத்தம் அளவுக்கு மேல் இறங்கித் தலை சுற்றலாம். வெளியூரில் ஏறிக்கொண்டே போய், எந்த அறிகுறியும் காட்டாமல் பக்கவாதத்திலோ மாரடைப்பிலோ கொண்டுபோய் விடலாம்.

எனக்கு இதைவிடக் கோபம் வருவது வேறொன்றில். தெரியாத ஊரில் நடுராத்திரி உங்களுக்கு ஏதாவது ஆனால், மருத்துவமனையிலிருந்து முதல் போன் உங்கள் மனைவிக்குத்தான் போகும். என்ன மாத்திரை, கடைசியாக எப்போது போட்டார் என்று கேட்பார்கள். அவர் உண்மை என்று நம்பித் தப்பான பதிலைச் சொல்வார். அவரை அந்த நிலையில் நிறுத்த உங்களுக்கு என்ன உரிமை? குடும்பத்துக்காகத்தானே அலைகிறேன் என்பீர்கள். சம்பாதித்துக் கொடுப்பது கடமையில் பாதிதான். உங்களை நம்பி ஒரு வீடு இருக்கும்போது உங்கள் உடம்பு உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, நான் அப்படித்தான் நினைக்கிறேன். தினமும் போன் செய்து கேட்கிற ஒருவரிடம் உண்மை சொல்வது அந்தக் கடமையில் சேர்ந்ததுதான்.

சிறுநீர்த் தொந்தரவை நான் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. கழிப்பறை இல்லாத பயணத்தில் அது பெரிய அவஸ்தை. ஆனால் எல்லா ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிய வைப்பதில்லை, சில வகைகள்தான் அப்படி. பயண நாளில் போடும் நேரத்தை மாற்றலாமா, வேறு வகைக்கு மாறலாமா என்று கேட்டிருந்தால் டாக்டரே வழி சொல்லியிருப்பார். நீங்கள் கேட்கவே இல்லை.

இன்னொன்று. அதே காரணத்துக்காகத் தண்ணீரையும் குறைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். விமானமோ பேருந்தோ ரயிலோ, 4 மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் உட்கார்ந்து போனால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. இது அபூர்வமாக நடப்பதுதான். ஆனால் எடை கூடியவர்களுக்கு அபாயம் அதிகம். தண்ணீர் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்; எழ முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள்.

சரி, பயிற்சி. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. ஒரு நாளைக்கு 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். வாரத்தில் 2 நாள், சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது. அறை வாடகைக்குள் இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றீர்களே, அதை டாக்டரிடம் காட்டும் வரை இவற்றில் எதையும் வேகமாகத் தொடங்க வேண்டாம்.

மாத்திரையைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். பயணம் நீண்டால் வேண்டியிருக்கும், சில நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே மருந்துச் சீட்டின் நகல். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. டோஸை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

அடுத்த பயணத்துக்கு முன், இந்த வாரமே, மனைவியையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அதற்கு முந்தைய நாளே வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். டாக்டர் எதிரில் அவர் முதல்முறையாகத் தெரிந்துகொள்ளக் கூடாது. திட்டுவார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.