இரண்டு மாதக் குழந்தைக்குக் குடல் இறக்கம்: காசு வைத்துக் கட்டினால் சரியாகுமா, ஆபரேஷன் வேண்டுமா?

ஏற்காட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பையன் அழும்போது தொடை இடுக்கில் புடைக்கிறது, தூங்கினால் அமுங்கிவிடுகிறது, பெரியவர்கள் ஒரு ரூபாய்க் காசை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள். கட்டாதீர்கள். டாக்டர் பார்த்து குடல் இறக்கம்தான் என்று சொல்லிவிட்டால் ஆபரேஷன் வேண்டும்.

தொப்புள் புடைப்பு வேறு, இது வேறு. தொப்புளில் புடைப்பது பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும், கட்டாவிட்டாலும் மூடும், ஆனால் பேர் என்னவோ காசுக்குப் போய்விட்டது. கட்டினால் வேர்த்துப் புண்ணாவதுதான் மிச்சம். தொடை இடுக்கில் வருவது அப்படி மூடாது. ஆண் குழந்தைக்கு விதை வயிற்றிலிருந்து கீழே இறங்கும்போது கூடவே ஒரு பாதை உண்டாகும், அது அடைபடாமல் நின்றுவிட்டால் அழும்போதும் முக்கும்போதும் குடல் அதற்குள் இறங்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு இது அதிகம். என் மகனும் எட்டாம் மாதத்தில் பிறந்தவன்தான்.

ஒரு வயசு ஆகட்டுமே என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். இத்தனை சின்ன உடம்புக்கு மயக்க மருந்தா என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் குடல் உள்ளே மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகமாக இருப்பதே அந்த முதல் வருடத்தில்தான், அதனால் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அடிவயிற்று மடிப்பில் சின்னதாக ஒரு வெட்டு, அந்தப் பாதையைக் கட்டி மூடிவிடுவார்கள், அவ்வளவுதான்; பெரியவர்களுக்குப் போல அந்த இடத்துக்குப் பலம் சேர்க்கும் செயற்கை வலை வைப்பதில்லை. நிறைமாதக் குழந்தை என்றால் பல நேரம் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு மயக்கத்துக்குப் பிறகு மூச்சு நின்று நின்று வரலாம் என்பதால் இரவு வைத்துப் பார்ப்பார்கள். ஆபரேஷனுக்கு முன் நாலு மணி நேரம் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது, அவன் பசியில் அழ அழ மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு ஆபரேஷனைவிடக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் நன்றாகப் பால் குடித்தான்.

நீங்கள் மலைமேல் இருப்பதால் இன்னொன்று. புடைப்பு கெட்டியாகி உள்ளே போகவில்லை, தொட்டாலே வீறிடுகிறான், சிவந்திருக்கிறது, வாந்தி எடுக்கிறான், அதுவும் பச்சையாக எடுக்கிறான் என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அமுக்கிப் பார்க்க வேண்டாம், பாலும் கொடுக்க வேண்டாம், நடுராத்திரி ஆனாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் சேலம் வர வேண்டும், பனி மூடினால் இன்னும் நேரமாகும், அந்தத் தூரத்துக்காகவே ஆபரேஷனைச் சீக்கிரம் முடித்துவிடுவது நல்லது என்பேன்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும், குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். வெறும் நீர் கோத்த வீக்கமாக இருந்தால் காத்திருக்கலாம் என்று அவரே சொல்லிவிடுவார். அழும்போது புடைப்பைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முன்னால் போனதும் பல நேரம் அது தெரியவே தெரியாது.