'தண்ணீரில் கத்தி': கடைசிக் காட்சியில் கார் ஏன் நகரவில்லை?

வணக்கம். இயக்குநர் ரோமன் போலன்ஸ்கியின் 'தண்ணீரில் கத்தி' (1962) படம், கார் சாலைச் சந்திப்பில் நின்றபடியே முடிந்துவிடுவதால், தங்களிடமுள்ள பிரதி அரைகுறையானதோ என்று கேட்டிருந்தீர்கள். பிரதியில் குறையில்லை, படம் அங்கேதான் முடிகிறது.

மனைவி கிரிஸ்டினாவோடு படகுப் பயணம் போகும் ஆன்ட்ஷேய், வழியில் ஓர் இளைஞனையும் சேர்த்துக்கொள்கிறான். தான் படகிலிருந்து தள்ளிவிட்ட அந்த இளைஞன், நீந்தத் தெரியாது என்று முன்பே சொல்லியிருந்ததால், ஏரியில் மூழ்கி இறந்துவிட்டான் என்றே ஆன்ட்ஷேய் நம்புகிறான். அந்த இளைஞன் உயிருடன் திரும்பி வந்தான் என்றும், தான் அவனோடு கூடியிருந்தேன் என்றும் கிரிஸ்டினா காரில் சொல்லும்போது, தன் மனச்சுமையைக் குறைக்கவே அவள் பொய் சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொள்கிறான். காவல் நிலையத்துக்குப் போனால் மனைவியை நம்பவில்லை என்றாகும். வீட்டுக்குத் திரும்பினால் அவளுடைய துரோகத்தை அவன் உண்மையென்று ஏற்றுக்கொண்டதாகும். படம் முழுவதும் பாய்மரத்தைக் கையாள்வதிலும் கட்டளையிடுவதிலும் அந்த இளைஞனை மட்டம்தட்டிக்கொண்டே வந்தவனுக்கு, எந்தத் திசையில் திரும்பினாலும் தோல்விதான். (கிரிஸ்டினா சொல்வது உண்மை என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது என்பதே இக்காட்சியின் கொடூரம்.)

"ஒன்றுமே நடக்கவில்லை" என்று நண்பர்கள் சலித்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தீர்கள். மூன்றே பாத்திரங்கள், பெரும்பகுதி ஒரே படகு என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பே. மறுமுறை பார்க்கும்போது வசனத்தை விட்டுவிட்டு, ஜெர்ஸி லிப்மனின் ஒளிப்பதிவில் யார் முன்னால் பெரிதாகத் தெரிகிறார், யார் இருவருக்கு நடுவே சிக்கியிருக்கிறார் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். என் கணிப்பில், சண்டை கைகலப்பாவதற்கு வெகுமுன்பே அங்கே தொடங்கிவிடுகிறது.