முன்சக்கரம் சூடாகிறது, பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகத்தான் இருக்கிறது. காலிப்பரை மாற்றணுமா, ஹோஸை மாற்றணுமா?

பன்னிரண்டு வருட ஆல்டோ, கொஞ்ச தூரம் ஓட்டினாலே முன் இடது சக்கரம் கொதிக்கிறது, ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிவிடுகிறது, மெக்கானிக் காலிப்பரை மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். காலிப்பர் என்பது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகம், ஹோஸ் அதற்கு பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய். காசைப் போடும் முன் ஹோஸைச் சோதித்துவிடுங்கள். நிறுத்தி வைத்தால் தானாக விடுகிறது என்று சொன்னீர்களே, அதுதான் எனக்கு ஹோஸ் மேல் சந்தேகத்தைக் கொடுக்கிறது.

பிரேக் ஹோஸின் உள்துவாரம் சுமார் 3 மி.மீ.தான். உள்ளே ஒரு ரப்பர் குழாய், அதைச் சுற்றி நூல் பின்னல், அதற்கு மேல் நாம் பார்க்கும் கறுப்பு ரப்பர். உள்ரப்பர் வயதாகி ஊதினாலோ உரிந்து தொங்கினாலோ வெளியே ஒன்றும் தெரியாது. நாம் மிதிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வரத்தான் வழி இருக்காது. பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். பிறகு மெதுவாகக் கசிந்து திரும்பியதும் சக்கரம் விடும். சில கார்களில் ஹோஸின் நடுவே பிடித்திருக்கும் இரும்புக் கிளாம்பு துருவேறி உப்பி, வெளியிலிருந்தே ஹோஸை நெரிப்பதும் உண்டு. அந்த இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே சோதனை செய்யணும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். பிரேக்கை நாலு முறை மிதித்து விட்டுவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையா? காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகான பிளீடிங் நிப்பிளை அரைச் சுற்று திறங்கள். அப்போதும் இறுக்கமாகவே இருந்தால் பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனோ, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னோ மாட்டியிருக்கிறது, மெக்கானிக் சொன்னது சரி. ஆயில் பீய்ச்சி சக்கரம் விட்டுவிட்டால், உள்ளே அழுத்தம் அடைபட்டிருந்தது என்று அர்த்தம். நிப்பிளை மூடி மறுபடி மிதியுங்கள். இந்த முறை ஹோஸுக்கு மேலே, இரும்புப் பைப் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பாகம்) பக்கம். விடாவிட்டால் ஹோஸ்தான் குற்றவாளி.

வெளிச்சோதனையும் வேண்டும்தான். இரும்பு முனைகள் பக்கம் ஹோஸை வளைத்துப் பார்த்து வெடிப்பு, ஈரம் தேடுங்கள். இன்னொருவர் மிதிக்கும்போது எங்காவது புடைக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு யோசனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், முன்னால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பைப் நட்டைச் சாதாரண ஓப்பன் ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கிவிடும், அப்புறம் பைப்பையே வெட்ட வேண்டிவரும். நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்குங்கள், ஹோஸின் முனையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், பைப் முறுக்காது. காலிப்பர் பக்கம் பான்ஜோ போல்ட் (ஆயில் போக நடுவே துளையுள்ள போல்ட்) இருந்தால் இரண்டு பக்கமும் புது காப்பர் வாஷர் போடணும், பழையதைத் திரும்பப் போட்டால் கசியும். காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

புது ஹோஸில் நீளவாட்டில் ஒரு கோடு இருந்தால், மாட்டிய பிறகு அது நேராக ஓட வேண்டும். சுற்றி வந்தால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஸ்டியரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பி, சக்கரம் தொங்கும்போதும் தரையில் நிற்கும்போதும் டயரிலோ சஸ்பென்ஷனிலோ உரசுகிறதா பாருங்கள். அவசரத்தில் பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். வண்டியில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் போட்டிருக்கும் வகையையே, சீல் உடைக்காத புட்டியிலிருந்து ஊற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ உள்ளே ஒரு சொட்டு போனாலும் ரப்பர் சீல்கள் ஊதிவிடும். பெயின்ட்டில் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பிளீடிங் செய்யும்போது, அதாவது உள்ளே புகுந்த காற்றை ஆயிலோடு வெளியேற்றும்போது, டப்பா காலியாகக் கூடாது. எந்தச் சக்கரத்தில் ஆரம்பிப்பது என்று மேனுவலில் இருக்கும். முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் பெடலை நன்றாக அழுத்திப் பிடிக்க, நீங்கள் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துத் துடைத்துப் பாருங்கள். பெடல் மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது, தெருவுக்கு எடுக்காதீர்கள். கெட்டியானபின் காலி இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். இதற்கு முன் பிளீடிங்கே செய்ததில்லை என்றால், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பின்பக்க ஹோஸ்களுக்கும் அதே பன்னிரண்டு வயதுதான். எப்படியும் பிளீடிங் செய்யப் போகிறீர்கள், அவற்றையும் இப்போதே சேர்த்து மாற்றிவிடுங்கள்.